போனில் பெட் கட்டுகிற பொடியளை எப்படி மறிப்பது?

9 ஏப்ரல் 2025, காலை – கேள்வி

தங்கச்சியின் மகனுக்கு 16 வயது. போன மாதம்தான் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதி முடித்தான். போனில் ஒரு விமானம் மேலே ஏறுகிற விளையாட்டாம், அது பறந்துபோக முதல் காசை எடுத்துவிட வேண்டுமாம். அவள் சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த 18,000 ரூபா அலுமாரியில் இல்லை. போனை வாங்கி அடுப்பில் போடு என்று தகப்பன் நிற்கிறார். போட்டால் சரியாகிவிடுமா? அவனுக்குக் கீழே இன்னும் இரண்டு பொடியள் இருக்கிறார்கள், அதையும் நினைத்துக் கேட்கிறேன்.
– திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு பெரியம்மா

9 ஏப்ரல், இரவு 10.20

அக்கா, போனை அடுப்பில் போடாதீர்கள். அந்தப் போன் போனால் கூட்டாளியின் போன் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோகொப்பி, பில் கட்டுவது, வங்கிக் கணக்குக்குக் காசு போட்டுக் கொடுப்பது. அதனால் இந்த விளையாட்டை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். வீட்டுக்குள்ளும் பார்த்தவன். என் தம்பி ஒரு வருஷத்துக்கு மேல் இதற்குள் கிடந்தான்.

பொடியள் வருகிற விதத்தைச் சொல்கிறேன். பின்னேரம் நாலரைக்கு ஒருவன் 500 ரூபாவோடு வருவான். போனில் யாரோ அனுப்பிய கணக்கு இலக்கம் இருக்கும். காசு போட்டதும் சிலிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய விளையாட்டுக் கணக்கில் காசு ஏறிவிடும். ஆறு மணிக்கு அவனே 1,000 ரூபாவோடு வருவான். ஒன்பது மணிக்கு நான் கதவை இழுக்கும்போது திரும்பவும் ஓடிவருவான். இந்த முறை இருபது ரூபாத் தாள்கள், ஐந்து ரூபாக் குத்திகள், உண்டியல் உடைத்த காசு என்று பார்த்தாலே தெரியும். எண்ணிக் கொடுக்கும்போது விரல் நடுங்கும். முகத்தைப் பார்க்க மாட்டான். "அண்ணே, கெதியாப் போடுங்கோ" என்பான்.

அந்த மூன்றாவது வருகைதான் வியாதி. முதலாவது வருகை ஆசை. இரண்டுக்கும் நடுவில் யாராவது அவனோடு கதைக்க முடிந்தால் நல்லது. கதைக்க ஆள் இல்லாததால்தான் ஒன்பது மணிக்கு என்னிடம் வருகிறான்.

இப்போதைக்கு: அடிக்க வேண்டாம். எவ்வளவு போனது, யார் யாரிடம் வாங்கினான் என்று முழுக் கணக்கையும் அவன் வாயால் சொல்ல வையுங்கள். வெளியில் கடன் இருந்தால் காசைக் கொடுத்து அடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், அந்தப் பயம்தான் அவனைத் திரும்ப ஆட வைக்கும்.

10 ஏப்ரல், காலை

எப்படிக் கேட்பது என்று அக்கா எழுதியிருக்கிறார். 1997இல் அமெரிக்காவில் இரண்டே கேள்வியில் ஒரு சோதனை வெளியானது. இன்னும் இன்னும் கூடக் காசு வைக்க வேண்டும்போல் இருந்திருக்கிறதா? எவ்வளவு ஆடினாய் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல வேண்டி வந்ததா? ஒன்றுக்கு ஓம் என்றாலும் விரிவாக விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

பொலிஸ் விசாரணை மாதிரிக் கேட்டால் இரண்டுக்கும் இல்லை என்றுதான் வரும். தேங்காய் துருவுகிற நேரம், மோட்டார் சைக்கிளில் பின்னால் வைத்துக் கொண்டுபோகிற நேரம், இப்படி முகத்தை நேருக்கு நேர் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் கேளுங்கள். தம்பி எனக்கு முதலில் வாய் திறந்தது டச்சு பே கடற்கரையில் இருட்டினபிறகு நடக்கும்போதுதான்.

13 ஏப்ரல்

நாளைக்கு வருஷப் பிறப்பு. கைவிசேடம் கொடுக்கிற நாள். ஒவ்வொரு வருஷமும் 14ஆம் திகதி பின்னேரம் என் கடையில் பொடியள் கூட்டம். புதுத் தாள், மஞ்சள் பூசிய தாள் எல்லாம் வரும். அம்மம்மா கோயிலில் வைத்து எடுத்துக் கொடுத்த காசு, ஆறு மணிக்குள் ஒருவன் கணக்கில் விழுந்துவிடும். இந்த முறை கணக்குக்குக் காசு போடுகிற வேலையை 14, 15 இரண்டு நாளும் நிறுத்திவைக்கப் போகிறேன்.

நிலாவெளியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார், "வருஷத்துக்கு நாங்களும் காசு வைத்து 304 ஆடித்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்?" நியாயமான கேள்வி. நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் அண்ணை, அந்த ஆட்டத்தில் ஒரு கை முடியக் கால் மணித்தியாலம் போகும். சீட்டுக் குலைக்க வேண்டும், பிரிக்க வேண்டும், துரும்புக்குச் சண்டை பிடிக்க வேண்டும். மாமி தேத்தண்ணி கொண்டுவந்தால் நிற்கும். உங்கள் சட்டைப்பையில் காசு தீர்ந்தது எல்லோருக்கும் தெரியும், சித்தப்பா "போதும், எழும்படா" என்று சொல்லுவார். இவன் கையில் இருப்பது நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்று ஓடுகிறது, விடியற்காலை இரண்டு மணிக்கும் ஓடுகிறது. எழும்படா என்று சொல்ல ஆளில்லை.

லொத்தரும் அப்படித்தானே, அரசாங்கமே விற்கிறதே என்று இன்னொருவர். 1963இலிருந்து தேசிய லொத்தர் சபை இருக்கிறது, உண்மைதான். எங்கள் அப்பாவும் வாங்குகிறவர். ஒரு சீட்டு 40 ரூபா, நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் மாதம் 1,200 ரூபா. அது வீண் செலவு என்று நான் அவரோடு வாதாடுவேன். ஆனால் குலுக்கல் முடிவு வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். தோற்ற அதே நொடியில் அடுத்த சீட்டு வாங்குகிற வசதி அவருக்கு இல்லை. ஆபத்து அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

16 ஏப்ரல், இரவு

9ஆம் திகதி நான் எழுதியதில் ஒன்று பிழை. நாலு நாளாக மனதைக் குடைந்துகொண்டிருந்தது, இன்றைக்குத் திருத்துகிறேன். "காசைக் கொடுத்து அடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். அப்படிச் செய்யாதீர்கள் அக்கா. நான் அப்படிச் செய்துதான் என் தம்பியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளினேன்.

2022இல் பெற்றோல் வரிசை ஞாபகம் இருக்கும். அப்பாவின் ஓட்டோவை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு நாள், மூன்று நாள் தம்பி அங்கேயே கிடந்தான். அப்போது அவனுக்கு 19. வெள்ளைக்காரர் வரவில்லை, ஹோட்டல் வேலையும் இல்லை. முன்னுக்கு நின்ற ஓட்டோக்காரப் பொடியன் ஒருவன் காட்டிக் கொடுத்தான். முதல் நாளே 500 ரூபா தோற்று, அதை எடுக்க வேண்டும் என்ற வெறியில்தான் தொடங்கியது.

2023 பெப்ரவரியில் 85,000 ரூபா கடன் என்று வந்து நின்று அழுதான். நான் நகைக்கடையில் என் சங்கிலியை வைத்து 85,000ஐயும் அவன் கையில் கொடுத்தேன். "இதோடு விட்டுவிடு" என்றேன். அவன் என் காலைத் தொட்டான். பொய்யாகத் தொடவில்லை, அது எனக்கு இன்றைக்கும் தெரியும். மூன்று கிழமைதான் தாங்கியது. அந்தக் காசில் பாதி கடன்காரருக்குப் போனது, மீதி "இரட்டிப்பாக்கி அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்கலாம்" என்று போனது. ஓகஸ்டில் தெரியவந்தபோது 212,000. அதற்குள் அம்மாவின் இரண்டு காப்பும் இல்லை. மீற்றர் வட்டிக்காரன் ஒருவனும் உள்ளே வந்திருந்தான்.

இரண்டாம் முறை காசு அவன் கையில் படவில்லை. யார் யார் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினோம், ஒவ்வொருவரிடமும் நானும் அவனும் சேர்ந்து நேரே போய்க் கொடுத்தோம். வட்டிக்காரனை முதலில் முடித்தோம். முழுத் தொகையும் இப்போது அவன் எனக்குக் கொடுக்க வேண்டிய கடன், 2023 செப்டெம்பரிலிருந்து மாதம் 6,000 ரூபா சம்பளத்தில் கழிகிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். சொன்னால் 212,000 ரூபாவின் பாரம் அவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. கடன் வெளியில் வந்த அந்த இரவுதான் மிகவும் பயப்பட வேண்டிய இரவு. வெட்கத்தில் பிள்ளை என்னவும் யோசிக்கும். அம்மா அன்றைக்குத் தம்பியின் பாய்க்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஓர் இரவு வந்தால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம். சூதாட்டத்துக்கா மனநல ஆட்கள் என்று கேட்காதீர்கள். 2013இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு ஒரே அத்தியாயத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது.

17 ஏப்ரல்

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் அவன் கதையை எழுதுகிறேன். நேற்று எழுதியதை வாசித்துவிட்டு, "அண்ணா, முதல் நாள் நான் தோற்கவில்லை" என்றான். 500 ரூபா வைத்து 11,400 எடுத்தானாம். இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது பிழை.

அந்தக் காசில் பெற்றோல் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு முழு வரிசையும் அவனைத் தோளில் தட்டியது. "அதுக்குப் பிறகு நான் காசைத் தேடவில்லை, அந்த நாளைத்தான் தேடினேன்" என்றான். இரவு முழுக்க இந்த வசனம் என்னை விடவில்லை.

அக்கா, உங்கள் பொடியனிடம் எவ்வளவு தோற்றாய் என்று கேட்பதற்கு முதல், முதன்முதலில் எவ்வளவு வென்றாய் என்று கேளுங்கள்.

18 ஏப்ரல் – பெரியம்மா

கேட்டேன். 2,300 ரூபா வென்றானாம், மாசி மாதம், பரீட்சைக்கு முதல். அதில் தாய்க்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ரியூசன் சேர் தந்த பரிசு என்று சொன்னானாம். அந்தக் குடையைத்தான் அவள் இவ்வளவு நாளும் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

2 மே

கடையில் இன்றைக்கு ஏ.எல். (உயர்தர) கணிதம் படிக்கிற ஒருவன் எனக்கு வகுப்பெடுத்தான். தோற்றால் இரட்டிப்பு வை, எப்படியும் ஒருநாள் வெல்லுவாய், முழுவதும் திரும்பி 100 ரூபா லாபம் என்றான். சரி, பேனையை எடு என்றேன். போட்டோகொப்பித் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700. எட்டாவதுக்கு 12,800 வேண்டும். இவ்வளவும் எதற்கு? 100 ரூபாவுக்கு.

"ஏழு தரம் தொடர்ந்து தோற்காதண்ணே." நாணயம் சுண்டுகிற சுத்தமான ஆட்டம் என்றே வைத்துக்கொள், 128 முயற்சியில் ஒன்று அப்படி வரும். நிமிடத்துக்கு நாலு சுற்று ஓடுகிற ஆட்டத்தில் 128 முயற்சி ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். அப்புறம் 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி மொன்டே கார்லோவில் நடந்ததைச் சொன்னேன். ரூலெட் சக்கரத்தில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்புத்தான், இனிச் சிவப்புத்தான் என்று சனம் கொட்டிக் கொட்டித் தோற்றது. சக்கரத்துக்கு முன்னம் விழுந்தது ஞாபகம் இருக்காது.

100க்கு 97 திரும்பிவரும் என்று சொல்லப்படுகிற ஆட்டத்தையும் கணக்குப் பார்த்தோம். கேட்க நல்ல மாதிரித்தான் இருக்கிறது, 3 ரூபாதானே. ஆனால் கையில் உள்ளதை முழுவதும் திரும்பத் திரும்ப வைத்தால் 100 சுற்றில் சராசரிக்கு 1,000 ரூபாவில் மிஞ்சுவது 48 ரூபா. அந்தப் பிள்ளை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

இப்படி ஒரு பாடத்தைப் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு சொல்லிக் கொடுக்கும்போதே எடுத்தால் என்ன? சிவப்புப் பந்து நீலப் பந்து எடுக்கிற பைக்குப் பதிலாக இதைப் போடுங்கள். நல்லொழுக்க வகுப்பை விட இது ஏறும் என்பது என் எண்ணம்.

3 மே

நேற்று எழுதியதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தம்பிக்கும் கணக்குத் தெரியும், ஓ.எல்.லில் கணிதம் ஏ. கணக்கு தொடங்காதவனைத்தான் மறிக்கும். தொடங்கியவனுக்குக் கணக்கு வேலை செய்யாது. அந்த ஏ.எல். பொடியன் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை, திரும்ப வந்தால் கதைக்க வேண்டும்.

4 ஜூன்

நேற்று ஐ.பி.எல். இறுதி. பெங்களூர் 18ஆவது முறையில் முதன்முதலாக வென்றுவிட்டது, ஆறு ஓட்டத்தில். எனக்கும் சந்தோஷம்தான், கோலிக்காக. ஆனால் இன்றைக்குக் காலையில் கடைக்கு வந்த பொடியளின் முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. "பதினேழு வருஷம் வெல்லாதவன் இந்த வருஷம் வென்றே ஆகவேணும் எண்டு நான் சொன்னேனா இல்லையா" என்று ஒருவன் துள்ளுகிறான். 5,000 வைத்தானாம். மொன்டே கார்லோவில் சிவப்புக்குக் கட்டினவர்களின் அதே யோசனை. அவர்களாவது தோற்றார்கள். இவன் வென்றுவிட்டான், இனி அந்த யோசனையை யார் சொல்லியும் விடமாட்டான்.

வென்ற படத்தை, பெட் கட்டுகிற பொடியளின் வட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். குரூப்பில் எப்போதும் வென்ற படம்தான் வரும். 40 பேர் இருக்கிற குரூப்பில் நாளுக்கு இரண்டு பேர் வென்றால், மற்ற 38 பேருக்கும் ஊரே வெல்கிறது, தான் மட்டும் தோற்கிறேன் என்று படும். குரூப்பை நடத்துகிறவன் ஏஜெண்ட், காசு போடுகிற கணக்கு இலக்கத்தை அனுப்புகிறவன். அவனுக்கே 20 வயதுதான் இருக்கும், தானும் விட்ட காசை எடுக்க ஆள் சேர்க்கிறான். அவனைத் திட்டி எழுத மனம் வரவில்லை.

பெரியவர்கள் யாராவது தோற்ற கதையை அதே குரூப்பில், அதே வெளிச்சத்தில் போட்டால் நல்லது. தம்பி ஒருமுறை போட்டான். சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து, பெயர்களை மட்டும் மறைத்துப் போட்டான். பத்து நிமிடத்தில் அவனைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்த மூன்று பேர் தனியாக எழுதினார்கள்.

6 ஜூன்

"நீயும் அதே கணக்குக்குக் காசு போட்டுக் கொடுத்துக் கமிஷன் எடுத்தவன்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓம், எடுத்தேன். ஒரு தடவைக்கு 50 ரூபா. ஒரே கணக்கு இலக்கம் ஒரு நாளில் ஏழு முறை ஏழு பொடியளிடமிருந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அதற்கு முதல் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன். என் தம்பியின் காசும் பக்கத்துக் கடையில் இப்படித்தான் போயிருக்கும்.

இப்போது அந்த மாதிரி இலக்கங்களை ஒரு மட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவற்றுக்குப் போடுவதில்லை. பள்ளிப் பிள்ளை என்றால் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் எந்தக் கணக்குக்கும் போடுவதில்லை. இலக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது, மட்டையும் நீள்கிறது. நாலு கடைக்காரரிடம் கதைத்தேன், இரண்டு பேர் சேர்ந்தார்கள். மற்ற இரண்டு பேரும் வாடகை கட்ட வேண்டும் தம்பி என்றார்கள், அதுவும் உண்மைதான். மறிக்க முடியாவிட்டாலும் அரை மணித்தியாலம் தாமதமாகும். ஒன்பது மணிப் பொடியனுக்கு அந்த அரை மணித்தியாலம் பெரிய விஷயம்.

14 ஜூலை

ஓ.எல். முடிவு வந்துவிட்டது. பெரியம்மாவின் பொடியன் ஏழு பாடம் சித்தி, கணிதம் பீ. வாழ்த்து சொல்லுங்கள்.

பரீட்சை மார்ச்சில் முடிந்தது, முடிவு ஜூலையில். இந்த நாலு மாதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதினாறு வயது, பள்ளி இல்லை, ரியூசன் இல்லை, கையில் போன், வெளியே ஐ.பி.எல். என் கடைக்கு முதல் தடவை வந்த முகங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் வந்தவை. பொடியளை ஏதாவது ஒரு வேலையில் மாட்டிவிடுங்கள். பெரியம்மா அவனை வைகாசியிலிருந்து அலஸ்தோட்டத்தில் மாமனின் எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் விட்டார். கிரீஸ் கையோடு போனைத் தொட முடியாது என்று எழுதியிருந்தார், வாசித்துச் சிரித்தேன். சம்பளம் தாயின் கைக்குப் போகிறது, 18,000இல் 9,000 கழிந்துவிட்டது.

இன்னொன்றும் பாருங்கள். அவன் விளையாட்டுக் கணக்குத் திறந்தது தாயின் அடையாள அட்டையைப் படம் எடுத்து. வயதை மறைக்க இதுதான் வழக்கமான வழி. அடையாள அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள், வங்கியிலிருந்து காசு போனால் உங்கள் போனுக்குத் தகவல் வருகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்.

"ஆள் சேர்த்தால் காசு" என்று வருகிற கூட்டங்களைப் பற்றி யாரோ கேட்டிருந்தார். அது பிரமிட், வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவில் தடைசெய்யப்பட்டது. தோற்றவனுக்கு அடுத்ததாகக் காட்டப்படுகிற கதவு அது, கவனம்.

12 செப்டெம்பர்

சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் போன்றவற்றை வைத்துக்கொண்டு இருந்தோம், வெள்ளைக்காரன் காலத்தில் போன் ஏது. இந்தியா போன மாதம் காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டை முழுதாகவே தடைசெய்தது. நோர்வேயில் 2007இல் சூதாட்ட இயந்திரங்களை எல்லாம் தூக்கிவிட்டு, பிறகு ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு இழப்பு எல்லை என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த எல்லை. இவ்வளவுக்கு மேல் இன்றைக்குத் தோற்க முடியாது என்று இயந்திரமே சொல்ல வேண்டும்.

எங்கள் அதிகாரசபையும் கொழும்பு கசினோக்களோடு நின்றுவிடாமல் ஏஜெண்ட் கணக்குகளையும் பார்த்தால்தான் திருகோணமலைக்குப் பிரயோசனம். இங்கே கசினோ இல்லை, ஆனால் பொடியள் தோற்கிறார்கள்.

29 செப்டெம்பர், காலை

நேற்று ஆசியக் கிண்ண இறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும். இதைவிடப் பெரிய இரவு பெட் கட்டுகிறவனுக்கு இல்லை. ஏழு மணிக்குத் தம்பி கடைக்கு வந்து போனை மேசையில் வைத்தான். "நாளைக்குத் தா" என்றான். நான் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஆகியும் பெரிய மேட்ச் என்றால் உள்ளங்கை வியர்க்கிறது என்று அவனே சொல்கிறான்.

வீட்டில் எல்லோரும் டீவியில் பார்த்தோம். இந்திய அணியின் சட்டை முன்பக்கம் வெறுமையாக இருந்தது. முந்தி அந்த இடத்தில் இருந்தது இந்தியாவின் தடைச் சட்டத்தோடு காசு ஆட்டத்தை நிறுத்திய ஒன்லைன் விளையாட்டு நிறுவனத்தின் பெயர். அம்மா அதைப் பார்த்து, "ஏன் இவங்கட சட்டையில ஒண்டும் எழுதேல்ல?" என்று கேட்டார். தம்பிதான் விளக்கினான், ஆற அமர, ஒவ்வொன்றாக, ஏஜெண்ட், கமிஷன், விமானம் எல்லாம். அம்மாவுக்கு இதை அவன் முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. கடைசி இரண்டு ஓவரை நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை.

செப்டெம்பர் மாதத்து 6,000 கட்டிவிட்டான். இருபத்தைந்தாவது தவணை. இன்னும் 62,000.

பெரியம்மா, மூன்றாவது பொடியனுக்குப் போன் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். ஏ.எல். படிக்கிற மூத்தவனிடமே கேளுங்கள். அவன் சொல்கிறபடி செய்யுங்கள்.